வேரைத் தாண்டாத தண்ணீர்

ஓடைக்கரையில், புங்க மரத்தின் வேருக்குச் சற்று மேலே ஒரு வயலெலி வளை தோண்டிக்கொண்டிருந்தது. அது குட்டி ஈனும் நாள் நெருங்கியிருந்தது.

"இன்னும் மேலே போய்த் தோண்டேன்," என்றது கிளையில் இருந்த மீன்கொத்தி.

"மூன்று மழைக்காலம் இங்கேதான் இருந்தேன். தண்ணீர் வேரைத் தாண்டியதே இல்லை."

"கிழக்கு ஓடையில் நண்டைக் கேட்டேன். போன வருடம் அங்கே கரையே முழுகியதாம். மேற்கு ஓடை ஆமையைக் கேட்டேன். அங்கே அதற்கு முந்தின வருடம் அப்படியாம்."

"அது அவர்கள் இடம். இங்கே வரவில்லையே?"

"கரை ஒரே மாதிரிதான், மேகமும் அதேதான். இரண்டு தடவையும் மழை உன்னை விட்டுப் பக்கத்தில் விழுந்திருக்கிறது."

எலி நான்கு நாள் தோண்டிய வளையைப் பார்த்தது. பிறகு கனத்த வயிற்றோடு மேடேறி, பனையடியில் புதிதாகத் தோண்டத் தொடங்கியது.

பத்து நாள் ஒரு துளி மழை இல்லை. எலி மீன்கொத்தியோடு பேசுவதை நிறுத்திக்கொண்டது. பதினோராம் நாள் காலையில் தொடங்கிய மழை மாலைவரை விடவில்லை. வெள்ளத்தில் புங்க மரத்தின் பாதி மறைந்தது. மேட்டில் ஆறு குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்தன.

மழை விட்டதும் எலி வெளியே வந்து மீன்கொத்தியைக் கூப்பிட்டது.

"தண்ணீர் எதுவரை வந்தது என்று பார்த்து வைத்திருக்கிறேன். மற்ற ஓடைக்காரர்களிடமும் சொல்லிவிடு."