ரத்தத்தில் இல்லாதது

கிரேன் ஓட்டுபவருக்கு உள்ளங்கை வியர்த்தது. நான்கு வருடமாக எப்படியோ தப்பித்து வந்தவர், இன்று திடீர்ப் பரிசோதனையில் வசமாக மாட்டிக்கொண்டார்.

ரத்தம் எடுத்தபடியே நர்ஸ் கேட்டாள். "ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா அண்ணே?"

"இல்லம்மா."

"தூக்கம் வரவைக்கிற மாத்திரை எதுவா இருந்தாலும் இது காட்டிக் கொடுத்துடும். அப்புறம் கிரேன்ல ஏற விட மாட்டாங்க."

காலையில் விழுங்கிய மாத்திரையை நினைத்துக்கொண்டார். வெளியே பெஞ்சில் அரை மணி நேரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நர்ஸ் சிரித்தபடி வந்தாள். "ஒண்ணுமே இல்லண்ணே, சுத்தம். நீங்க வேலைக்குப் போகலாம்."

ஜன்னலுக்கு வெளியே, அவருடைய கிரேனுக்குக் கீழே முப்பது பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர் முகம் வெளுத்துப் போனது.

"இன்னொரு தடவை பாரும்மா."

"சுத்தம்னு சொன்னா எல்லாரும் சந்தோஷமா ஓடுவாங்க. நீங்க என்னண்ணே?"

"பொய் சொல்லிட்டேன்மா. எனக்கு வலிப்பு வரும். அது வராம இருக்க தினமும் மாத்திரை போடுறேன், தூக்கம் வரவைக்கிற மாத்திரைதான். போன மாசத்துல இருந்து ஒரு புதுக் கடையில வாங்குறேன்."

கிரேன் சாவியை மேசைமேல் வைத்தார்.

"அது நிஜ மாத்திரையா இருந்தா, என் ரத்தத்துல இருந்திருக்கணுமே!"