பேயின் கைக்கடிகாரம்

தமிழ்ப் பேய்ப்படங்களைத் திருத்துவதற்கென்றே பிறந்தவன் சுப்ரமணி. அப்படித்தான் சொல்லிக்கொண்டான். அரியாங்குப்பம் ஆற்றங்கரைப் படப்பிடிப்பில் உதவி டைரக்டராகச் சேர்ந்ததும், பேய் வேடம் போட்டிருந்தவளின் கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினான்.

"ராஜா காலத்துப் பேய்க்கு வாட்ச் எதுக்கு சார்? எந்த முட்டாள் பண்ண வேலை?"

"எனக்குத் தொழில் கத்துக்குடுத்தவரு, தம்பி" என்றார் டைரக்டர் பஞ்சநாதன். "அவரோட முதல் படத்துல கழட்ட மறந்துட்டாரு. கொட்டாயே சிரிச்சுது. மனசு விட்டுப்போயி மில் வேலைக்குப் போயிட்டாரு. அதான் நான் படத்துக்குப் படம் வேணும்னே கட்டுறேன். அது தப்பு இல்ல, பாணின்னு ஜனம் நெனைக்கட்டும்."

"இப்ப எங்க இருக்காரு?"

"உங்க வீட்டுலதான். அப்பா உங்கிட்ட சொன்னதே இல்லியா?"

கடிகாரம் நின்றுபோயிருந்தது. சுப்ரமணி அதற்குச் சாவி கொடுத்து, கேமராவுக்கு நன்றாகத் தெரியும்படி பேயின் கையில் கட்டினான்.