எச்சில் படாமல்

"சக்‌ஷனை எங்க வச்சிருக்கே? அவங்க வாய் குளமா நிக்குது, பாரு."

எச்சில் உறிஞ்சும் குழாயோடு நின்ற உதவிப் பெண்ணிடம் பல் டாக்டர் கத்தவில்லை. கத்துவதற்கான தெம்பு அவரிடம் இல்லை. நாற்காலியில் சாய்ந்திருந்த அம்மாளின் முன்பல் கேப் மறுபடியும் கழன்று, கைக்குட்டையில் முடிச்சாக வந்திருந்தது. இது மூன்றாவது முறை.

ஒட்டுகிற சிமெண்ட் மட்டமானதும் இல்லை. கம்பெனியையே மாற்றிப் பார்த்தாகிவிட்டது. ஆனால் அந்த சிமெண்டுக்கு ஒரு ஜென்மப் பகை உண்டு, எச்சில். சுத்தம் செய்து காயவைத்த பல்லில் ஒரு துளி பட்டால் போதும், கண்ணுக்குத் தெரியாத படலம் படிந்துவிடும். அதன் மேல் ஒட்டினால் கொஞ்ச நாள் சமர்த்தாக இருந்துவிட்டு, ஏதோ ஒரு வாய் சாப்பாட்டில் காலை வாரிவிடும்.

வெளியே அம்மாளின் கணவர் காத்திருந்தார். மனைவியின் போனும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. நீங்கள் எதற்கு அலைய வேண்டும், அம்மாவே வந்துவிட்டுப் போகட்டுமே என்று டாக்டர் போன தடவை சொல்லிப் பார்த்தார். நான் இல்லாமல் அவள் வாசப்படி தாண்டமாட்டாள் என்று வெட்டினாற்போல் பதில் வந்தது.

இன்று உள்ளே நுழையும்போதே எச்சரித்துவிட்டார். "இன்னொரு தடவை இது கையோட வந்துச்சுன்னா, உங்க போர்டுக்குக் கீழ நின்னு போறவன் வர்றவன்கிட்ட எல்லாம் சொல்லுவேன்."

அந்த போர்டு மாட்டி அரை வருஷம்கூட ஆகவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை உதறிவிட்டு, மனைவி பேச்சையும் கேட்காமல் ஆரம்பித்த கிளினிக். காலையிலிருந்து வந்திருப்பது இந்த அம்மாள் மட்டும்தான். அந்த மனிதர் வாசலில் நின்று வாயைத் திறந்தால், நாளைக்குக் கதவைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது. டாக்டருக்குக் கையுறைக்குள் வேர்த்தது.

கதவு லேசாகத் திறந்தது. கணவர் தலையை நீட்டி, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். உதவிக்கு நின்ற பெண் முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பித் தட்டில் பஞ்சை அடுக்க ஆரம்பித்தாள். திட்டு வாங்கிய முகத்தை யாருக்குத்தான் காட்டப் பிடிக்கும் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

பாவம், கெட்டிக்காரப் பெண்தான். என்னவோ, இந்த அம்மாள் வந்தால் மட்டும் அவளுக்குக் கை தடுமாறிவிடுகிறது. கேப்பை வைக்கப்போகும் நேரம் பார்த்து எச்சில் உறிஞ்சும் குழாய் நழுவும். அம்மாளின் நாக்கும் சரியாக அப்போதுதான் எழும்பிப் பல்லைத் தொடும்.

"நீ தள்ளி நில்லும்மா. இன்னிக்கு எல்லாத்தையும் நானே பாத்துக்கிறேன்."

அவள் நகரவில்லை. இந்த ஒரு தடவை ஒழுங்காகப் பிடிக்கிறேன் டாக்டர் என்று கெஞ்சினாள். டாக்டர் காதில் போட்டுக்கொள்ளாமல் குழாயை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு அவர் செய்தது தவம்தான். உதட்டை விலக்கி கிளிப் மாட்டினார். கன்னத்தோரமும் நாக்கடியிலும் பஞ்சால் அணை கட்டினார். கேப்பின் உட்புறத்தில் பட்டிருந்த எச்சிலை வெறும் தண்ணீரில் அலசாமல், அதற்கென்று உள்ள மருந்தைப் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தார். நாக்கு எழும்பப் பார்த்தது. சின்னக் கண்ணாடியால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மூச்சை அடக்கி, சிமெண்டைத் தடவி, கேப்பை வைத்து அழுத்தி, சிமெண்டை இறுக வைக்கும் நீல விளக்கைக் காட்டினார். தெரிந்த சாமியை எல்லாம் மனதுக்குள் கூப்பிட்டார்.

விளக்கு அணைந்தது. கொக்கியால் மெல்ல இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. பலமாக இழுத்தார். இம்மியும் நகரவில்லை.

டாக்டருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. ஆனால் அழுதது அந்த அம்மாள்தான். வாய் நிறையப் பஞ்சு, சத்தமே இல்லை, கண்ணீர் மட்டும் காதுவரை வழிந்தது. வலிக்கிறதோ என்று டாக்டர் ஒரு கணம் பதறினார். பிறகு, இத்தனை அலைச்சலும் தீர்ந்த நிம்மதியாக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"கவலைய விடுங்கம்மா. இனி ஆயுசுக்கும் கழலாது. நீங்க இந்தப் பக்கமே வர வேண்டாம்."

உதவிப் பெண் குனிந்து அந்த அம்மாளின் கண்ணைத் துடைத்தாள். துடைத்த கையை அவள் எடுக்கவே இல்லை. டாக்டர் நிமிர்ந்து பார்த்தபோது, அவள் முகக்கவசமும் நனைந்திருந்தது.

"இனிமே அப்பாவுக்குத் தெரியாம எங்கம்மாவை நான் எங்க போய்ப் பாக்குறது, டாக்டர்?"