போட்டோ இல்லாத மீன்

மூன்று வருடமாகச் சிப்பெவா ஆற்றில் தூண்டில் வீசி, முதல் மஸ்கி மீன் இன்றுதான் எனக்கு மாட்டியது. ஐம்பது அங்குலம்! நான் செல்போனை எடுப்பதற்குள் படகோட்டி ஆர்வின் அதன் வாயிலிருந்து எதையோ பிடுங்கினார். மீனை ஆற்றில் நழுவவிட்டார்.

"யோவ் ஆர்வின், என்னய்யா பண்ணிட்ட!"

அவர் பிடுங்கியதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படகைக் கரைக்குத் திருப்பினார்.

மாலையில் மதுக்கடையில் இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினேன்.

"போட்டோ எங்க தம்பி?"

"மரக்கட்டையைப் புடிச்சிருப்பான்!"

கடையே சிரித்தது. "ஆர்வினையே கேளுங்கய்யா!" என்று கத்தினேன்.

ஆர்வின் எழுந்து வந்து, மான்வால் முடி கட்டிய துருப்பிடித்த தூண்டில்முள் ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"இது இவன் தூண்டில் இல்ல. அந்த மீன் வாயில முன்னாடியே குத்தியிருந்துச்சு."

கடைக்காரி டோரீன் அதைத் திருப்பிப் பார்த்தாள். "நூலை எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கே. இந்த ஊர்ல இடதுகைக்காரன் ஒருத்தன்தானே... நம்ம காலெப் கட்டினது!"

சிரிப்பு நின்றது. ஆர்வின் தலையாட்டினார்.

"போன நவம்பர்ல என் மகன் இதே இடத்துல நின்னு, இப்படித்தான் கையை விரிச்சான். பெரிய மஸ்கி, நூலை அறுத்துட்டுப் போயிடுச்சுப்பான்னு சொன்னான்."

ஆர்வின் தூண்டிலை உள்ளங்கையில் எடுத்து மூடிக்கொண்டார்.

"மரக்கட்டைன்னு முதல்ல சிரிச்சவன் நான். புடிச்சுக் காட்டுறேன்னு மறுநாள் தனியா போனான். படகு மட்டுந்தான் கரைக்கு வந்துச்சு."