செனட்டர் ஐயா பேசினார்

"கனம் அக்கிராசனர் அவர்களே, எங்கள் பத்தாம் நம்பர் லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் எங்கே?"

நல்லமுத்து போட்ட சத்தத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் படுத்திருந்த நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

கேட்டது நல்லமுத்து இல்லை. கொழும்பு செனட் சபையில் தோட்டத்துச் சனங்களுக்காகச் செனட்டர் ஐயா கேட்டாராம். அந்தச் சபையில் யார் வாய் திறந்தாலும் அச்சடித்துப் புத்தகமாக்கிவிடுவார்கள். ஹன்சார்ட் என்று பெயர். அட்டன் தொழிற்சங்க ஆபீசில் பார்த்து முடித்த ஒன்று, தேயிலைத் தோட்டக் கமிட்டித் தலைவர் நல்லமுத்துவின் கைக்கு வந்திருந்தது. லயத்து வரிசை வீட்டு ஆட்களில் இங்கிலீஷைக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமையாக, கணக்கப்பிள்ளை வீட்டுச் சன்னலுக்கு எதிரே கிடக்கும் கல்லில் ஏறி நின்று, தமிழாக்கி முழங்கிக்கொண்டிருக்கிறார்.

"ஏன் தலைவரே இந்தக் கத்து கத்துறீங்க?" என்றாள் மீனம்மா. "செனட்டர் ஐயா பேசினது திரும்ப அவருக்கே கேக்கணுமா? கோயில்ல உக்காந்து மெல்ல வாசிச்சா எழுத்து கோவிச்சுக்குமா?"

கூட்டம் சிரித்தது. மீனம்மா வாய் திறந்தாலே சிரிப்புத்தான். கொழுந்து மலையில் கங்காணி மாதிரி இருமுவாள், தொரை மாதிரி "நீ நல்ல கொழுந்து எடு, ஆ?" என்பாள். இப்போது மூன்று வாரமாக, "கனம் அக்கிராசனர் அவர்களே, என் கூடை எங்கே?"

ஆனால் உள்ளுக்குள் எரிச்சல். மகள் நாகலெட்சுமி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பள்ளத்துப் பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து மேலே ஏறவேண்டும். போன வாரம் வழுக்குப் படியில் குடத்தோடு உட்கார்ந்துவிட்டாள். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, கைதான் வீங்கியது. அடுத்த தடவையும் கையோடு போகும் என்று யார் எழுதிக் கொடுப்பது?

'மூணு வாரமா பேசுறாராம். ஒரு சொட்டு வரலியே.'

நல்லமுத்து தேத்தண்ணி குடிக்கப் போன நேரம், கல்லில் இருந்த புத்தகம் மீனம்மா போர்த்தியிருந்த கம்பளிக்குள் போனது.

டிக்கோயா கடைத்தெருவில் சண்முகராஜாவின் சாமான் கடை. அவருக்கு இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு.

"முதலாளி, இதுல எங்க செனட்டர் ஐயா பேசினத மட்டும் வாசிச்சுச் சொல்லுங்க. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்."

சண்முகராஜா கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார். யாருக்கோ பருப்புப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு வந்து மறுபடியும் புரட்டினார்.

"இருக்கு மீனம்மா. ஒரே ஒரு எடத்துல."

"குழாய்தானே?"

"'குளிர்காத்து அடிக்குது, அந்தச் சன்னலைக் கொஞ்சம் சாத்த முடியுமா'ன்னு கேட்டிருக்காரு."

"பெறகு?"

"பெறகு சாத்திட்டாங்க போல. ஆள் வாயே தொறக்கல."

மூன்று மைல் நடையிலும் மீனம்மா நாடகம் கட்டினாள். தலைவருக்கு ஒரு குரல், செனட்டருக்கு ஒரு குரல், சன்னல் சாத்துகிற சத்தத்துக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது கச்சேரி.

ஞாயிறு வந்தது. நல்லமுத்து கல்லில் ஏறினார். புத்தகம் தொலைந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. பத்திரிகைத் தாளில் அட்டை போட்ட பழைய பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, "கனம் அக்கிராசனர் அவர்களே…"

மீனம்மா தொண்டையைச் செருமினாள்.

அதற்குள் கணக்கப்பிள்ளை வாசலுக்கே வந்துவிட்டார்.

"போதும்ப்பா, நிறுத்து. காது கொடுக்க முடியல. பெரிய தொரைகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். செனட்டுல நம்ம தோட்டத்துப் பேரு அடிபட்டா எவனாவது பாக்கக் கெளம்பி வருவான்னு அவருக்குப் பயம் புடிச்சிருச்சு. நாளைக்கே குழாய் போட ஆள் வருது. இனிமே நம்ம பேரு அந்தப் புத்தகத்துல வரக்கூடாது, ஆமா."

செருமின தொண்டை இருமலாகி அடங்கியது.

வியாழக்கிழமை லயத்து வாசலிலேயே தண்ணீர் கொட்டியது. நாகலெட்சுமி வீங்கின கையை அதில் நனைத்துக்கொண்டு நின்றாள். மீனம்மா நேரே போய் ஹன்சார்ட்டை நல்லமுத்துவின் கையில் வைத்தாள்.

"சன்னல் வர்ற பக்கத்த மடிச்சு வச்சிருக்கேன், தலைவரே."

நல்லமுத்து நெளிந்தார். கத்திக் கத்திக் குரல் போய், காற்றுதான் வந்தது.

"நமக்கு ஓட்டே இல்லன்னுட்டாங்க, மீனம்மா. பேசவும் ஆள் இல்லன்னு சனங்ககிட்ட எப்பிடிச் சொல்றது? அவரு அங்க ஒரு சன்னலச் சாத்தச் சொன்னாரு. நான் இங்க ஒரு சன்னல் தொறந்திருக்கிற நேரம் பாத்து வாசிச்சேன்."

மீனம்மா புத்தகத்தைத் திரும்ப வாங்கி, மடித்த பக்கத்தை நீவி நேராக்கினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் தலைவருக்குக் குரல் திரும்பவில்லை. கல்லில் ஏறியது மீனம்மா. நல்லமுத்து ஓடிவந்து, அவள் கையிலிருந்த ஹன்சார்ட்டைத் தலைகீழிலிருந்து நேராக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

செனட்டர் ஐயாவின் குரலை அவள் கேட்டதே இல்லை. பெரிய தொரை பாதி, கோயில் பூசாரி பாதி கலந்து ஒன்றைத் தயார் பண்ணிக்கொண்டாள். கணக்கப்பிள்ளை வீட்டுச் சன்னலை ஒரு தரம் பார்த்தாள். திறந்துதான் இருந்தது.

"கனம் அக்கிராசனர் அவர்களே, எங்கள் லயத்துக் கக்கூஸ் எங்கே?"