வெள்ளைக்காரர் நோய்

மடியில் இருமிக்கொண்டிருந்த பேத்தியின் நெற்றியில் முத்தமிட்டார் டிரஸ்ட் தலைவர் வெள்ளியங்கிரி. “உப்புக் கரிக்குது கண்ணு. வெயில்ல ஆடாதே.”

எதிரே நின்றிருந்த சாஜிதா பேகம் மறுபடி கெஞ்சினாள். “சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுங்க ஐயா. என் மகளுக்குச் சளி கட்டி மூச்சே அடைக்குதுங்க. புது மருந்து வந்திருக்குதாம். டிரஸ்ட்டுதான் கை குடுக்கோணுங்க.”

“அது வெள்ளக்காரங்க நோயாமே. கோயமுத்தூர்ல ஒத்தப் புள்ளைக்காக ஊர்ப் பணத்த எறைக்க முடியுங்களா? போயிட்டு வாங்க.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“ஆமா, யாருக்கும் தெரியாத நோய எப்படிக் கண்டுபுடிச்சீங்க?”

“முத்தம் குடுக்கறப்பெல்லாம் உப்புக் கரிச்சுதுங்க. டாக்டர்கிட்ட சொன்னேன். அதுதான் அறிகுறின்னாரு.”

பேத்தி இருமினாள். வெள்ளியங்கிரி அந்த நெற்றியில் மறுபடி உதட்டை வைத்துப் பார்த்தார்.

“உக்காருங்க அம்மணி,” என்றார். “அந்த மருந்துக்கு எங்க போகோணுங்க?”