கரடி வாங்கிய வாக்கு

கரடியின் தேன் சர்பத் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்றே அணில் வாக்குக் கொடுத்திருந்தது: கடைக்குள் நடப்பதை வெளியே மூச்சுவிடக் கூடாது. அந்தத் தைரியத்தில்தான், ஊற்று வற்றியதும், எருமை செத்துக் கிடந்த குட்டையில் கரடி தண்ணீர் மொண்டுவந்தது. சர்பத் குடித்த முயல்குட்டிகள் சுருண்டு விழுந்தன. அணில் ஓடிப்போய், காட்டில் வழக்குத் தீர்க்கும் யானையிடம் சொல்லிவிட்டது.

கரடி கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்து வந்தது. "வாக்குக் கொடுத்தியா இல்லையா?"

"கொடுத்தேன் அண்ணே," என்று நடுங்கியது அணில்.

"உயிர் போற விஷயத்தை மறைக்க வாங்கின வாக்கு இந்தக் காட்டுல செல்லாது," என்றது யானை.

அப்படியானால் தன் தொழில் ரகசியமும் போச்சு என்று நினைத்தது கரடி. அதற்குள் பக்கத்துக் கடைக் காகம் அணிலை ஒட்டி உட்கார்ந்துவிட்டது. "அதான் செல்லாதாமே! தேன்ல என்ன வேரைத் தட்டிப் போடுறான்? அதையும் சொல்லு."

"அது அண்ணனோட உழைப்பு. அதுக்குக் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கு."

காகம் ஆசை காட்டியது, மிரட்டியது. அணில் வாயே திறக்கவில்லை.

கரடியின் ஓங்கிய கை தானாக இறங்கியது. தன் உள்ளங்கையில் பாதிகூட இல்லாத அந்த உருவத்தை, மலையை அண்ணாந்து பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றது.